செய்கூலியும் சேதாரமும்

நகை விற்கப் போனவர்களுக்கு இந்த அநுபவம் நிச்சயம் இருக்கும். வாங்குகிற அன்று கடைக்காரர் சங்கிலியைக் கையில் எடுத்து, "வேலைப்பாட்டைப் பாருங்கள், அம்மா! இப்படி ஒரு கைவேலை வேறு எங்கே கிடைக்கும்?" என்று ஒரு மணி நேரம் வர்ணிப்பார். அந்த வேலைப்பாட்டுக்குச் செய்கூலி என்றும், வேலையில் உதிர்ந்த பொன்னுக்குச் சேதாரம் என்றும் கணக்கெழுதிப் பணம் வாங்கிக்கொள்வார். ஐந்து வருஷம் கழித்து அதே சங்கிலியை அதே கடைக்கு எடுத்துப் போனால், மனிதர் உரைகல்லை எடுப்பார். கல்லைக் கழிப்பார்; அரக்கைக் கழிப்பார்; அழுக்கைக்கூடக் கழிப்பார். மிஞ்சிய தங்கத்துக்கு மட்டும் விலை சொல்லுவார். "வேலைப்பாடு?" என்று கேட்டால், "உருக்கினால் வேலைப்பாடு எங்கே அம்மா நிற்கும்?" என்பார்.

நம் வீட்டுப் பாட்டிமார்கள் இந்தச் சூக்ஷ்மத்தை நன்றாய் அறிந்தவர்கள். அதனால்தான் கெட்டிக் காப்பாகப் பார்த்து வாங்கி வைத்தார்கள். அவர்களுடைய பேரன்மார்களோ இதே பாடத்தை மோட்டார் கார் மூலமாகப் புதிதாய்ப் படித்துக்கொண்டு வருகிறார்கள். இந்தப் படிப்புக்குச் சம்பளம் கொஞ்சம் அதிகம்.

கோயமுத்தூரில் நமக்கு வெகு நாளாய்ப் பழக்கமான குடும்பம் ஒன்று உண்டு. அந்த ஊர் மோட்டார்ப் பைத்தியத்துக்குப் பெயர் போனது; 2003-ம் வருஷம் முதல் செட்டிபாளையத்தில் ஒரு பந்தயப் பாதையே இருந்து வருகிறது. அந்தக் குடும்பத்துப் பிள்ளையாண்டான் உத்தியோகம் கிடைத்ததும், டர்போ எஞ்சின் வைத்த சிறிய கார் ஒன்றை வாங்கினான். கம்பெனிக்காரர்கள் அதை நன்றாகத்தான் செய்திருந்தார்கள். ஆனால் பிள்ளையாண்டானுக்குத் திருப்தி உண்டாகவில்லை. முதலில் சக்கரங்களை மாற்றினான். பிறகு ஸ்பிரிங்குகளை மாற்றிக் காரைத் தரையோடு தரையாக இறக்கினான். பிறகு ஸைலன்ஸரை மாற்றினான். அன்றிலிருந்து அவன் வீடு திரும்பும் செய்தி தெரு முழுவதற்கும் முன்கூட்டியே தெரிய ஆரம்பித்தது.

கடைசியாக எஞ்சினிடம் வந்தான். இக்காலத்து எஞ்சின்களை நடத்துவது ஒரு சிறு கம்ப்யூட்டர். பெட்ரோல் எத்தனை பாயவேண்டும், பொறி எந்தக் கணத்தில் விழவேண்டும், டர்போவானது காற்றை எவ்வளவு அழுத்தித் தள்ளவேண்டும் என்பதெல்லாம் அதற்குள் எழுதப்பட்டிருக்கும். அந்த எழுத்தைத் திருத்தினால், அதே எஞ்சின் கூடுதலான குதிரை சக்தி கொடுக்கும். பிரமன் எழுதிய தலையெழுத்தை மாற்ற முடியாது என்பார்கள். கம்பெனி எழுதிய தலையெழுத்தை ஒரு பிற்பகலில் மாற்றிக் கொடுத்துவிடுகிறார்கள்!

இப்படியாக மூன்று வருஷத்தில் சுமார் 4 லட்சம் ரூபாய் காருக்குள் போயிற்று. அதே சமயத்தில் தகப்பனார் தமது ஓய்வுப் பணத்தைக் கொண்டு வீடு கட்ட ஆரம்பித்தார். சுவர் எழும்பிற்று, பணம் தீர்ந்தது. மழைக்காலம் வருவதற்குள் தளம் போட்டாகவேண்டும். பிள்ளையாண்டான் நல்லவன். "என் காரை விற்றுத் தருகிறேன், அப்பா" என்றான். போட்ட பணம் முழுவதும் திரும்பி வரும் என்றே அவன் மனப்பூர்வமாய் நம்பினான்.

பழைய கார் வியாபாரி காரைச் சுற்றி வந்தார், குனிந்து பார்த்தார், எஞ்சினை முடுக்கச் சொல்லிக் காது கொடுத்துக் கேட்டார். பிறகு, "தம்பி, இதே வருஷத்து வண்டி கை படாததாக இருந்தால் 6 லட்சம் தரலாமுங்க. உங்க வண்டிக்கு 5 தரலாம்" என்றார்.

"இதில் நான் 4 லட்சம் செலவழித்திருக்கிறேனே!" என்று பிள்ளையாண்டான் பதறினான்.

"அதனால்தான் தம்பி, ஒரு லட்சத்தோடு நிறுத்திக்கிட்டேன்" என்றார் வியாபாரி.

நேயர்கள் சிரிக்கலாம். ஆனால் வியாபாரி ஹாஸ்யத்துக்காக அவ்விதம் சொல்லவில்லை. அவருடைய கணக்கில் நியாயம் இருக்கிறது. அதைக் கொஞ்சம் விசாரித்துப் பார்ப்போம்.

முதலாவது, ருசி. பழைய கார் வாங்க வருகிறவர்களில் பெரும்பாலோர் குழந்தைகளைப் பள்ளிக்கூடத்தில் விடவும், பண்டிகைக்கு ஊர் போகவும் கார் தேடுகிறவர்கள். தரையோடு இறங்கிய கார் அவர்கள் தெருவின் வேகத் தடையில் இடிக்கும். உறுமுகிற ஸைலன்ஸர் தூங்குகிற குழந்தையை எழுப்பிவிடும். நமக்கு அலங்காரமாய்த் தோன்றுவது அவர்களுக்கு மராமத்துச் செலவாகத் தோன்றுகிறது. ஆகவே விற்பவனுக்கு மிஞ்சுவது அவனைப் போன்ற இளைஞர்கள்தான். அவர்களுக்கோ அவரவர் ருசிப்படி தாங்களே மாற்றிக்கொள்ளவேண்டும் என்ற ஆசை!

இரண்டாவது, தேய்மானம். எஞ்சினின் சக்தியைக் கம்ப்யூட்டர் எழுத்தினால் உயர்த்திவிடலாம். கிளட்சும், கியர்ப் பெட்டியும், பிஸ்டனும் அந்த எழுத்தை வாசிப்பதில்லை. அவை பழைய சக்தியைத் தாங்குவதற்காகச் செய்யப்பட்டவை. கம்பெனிக்காரர்கள் சற்று உபரி பலம் விட்டுத்தான் செய்கிறார்கள். திருத்தி எழுதுகிறவர்கள் எடுத்துச் செலவழிப்பது அந்த உபரியைத்தான். போதாக்குறைக்கு, கோயிலுக்கு மெதுவாய்ப் போய் வருவதற்காக யாரும் காரின் சக்தியைக் கூட்டுவதில்லை என்பது வாங்குகிறவனுக்கும் தெரியும்.

மூன்றாவதும் முக்கியமானதும் சந்தேகம். காரைப் பற்றி விற்பவனுக்கு எல்லாம் தெரியும். வாங்குகிறவனுக்கு ஒன்றும் தெரியாது. இந்தச் சாதாரண விஷயத்தை வைத்துக்கொண்டு ஜார்ஜ் ஆக்கர்லாஃப் என்ற அமெரிக்கப் பொருளாதார நிபுணர் ஒரு கட்டுரை எழுதினார். மூன்று பத்திரிகைகள் அதைத் திருப்பி அனுப்பின. 1970-ம் வருஷத்தில் நான்காவது பத்திரிகை வெளியிட்டது. 2001-ல் அந்த ஆராய்ச்சிக்காக அவருக்கு நோபெல் பரிசில் பங்கு கிடைத்தது! பத்திரிகாசிரியர்கள் எல்லாரும் இந்தச் சம்பவத்தை அடிக்கடி நினைத்துக்கொள்வது நல்லது. நம்மையும் சேர்த்துத்தான் சொல்லுகிறோம்.

மோசமான பழைய காருக்கு அமெரிக்கர்கள் வைத்திருக்கும் பெயர் 'எலுமிச்சம்பழம்.' நாம் புதுக் காரின் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைக்கிறோம். அவர்கள் காரையே எலுமிச்சம்பழம் என்கிறார்கள். எது நல்ல கார், எது எலுமிச்சம்பழம் என்று வாங்குகிறவனால் கண்டுபிடிக்க முடியாவிட்டால், எல்லாக் காருக்கும் நடுத்தர விலைதான் கொடுக்க முன்வருவான். அந்த விலைக்கு நல்ல காரை விற்க அதன் சொந்தக்காரனுக்கு மனம் வராது. சந்தையை விட்டு விலகிக்கொள்வான். மிஞ்சுவது எலுமிச்சம்பழங்கள். விலை இன்னும் இறங்கும். ஆக்கர்லாஃப் காட்டியது இதுதான். சாதாரணக் காருக்கே கதி இதுவென்றால், எவனோ திறந்து, எதையோ மாற்றி, எப்படியோ ஓட்டிய காரைப் பற்றிக் கேட்பானேன்? வாங்குகிறவன் தன் சந்தேகத்துக்கு ஒரு விலை போட்டு, அதை நம் தலையில் கட்டுகிறான்.

இதற்கு உலகப் பிரசித்தமான உதாரணம் ஒன்று உண்டு. ஜப்பானின் டொயோட்டா கம்பெனி 1993-ம் வருஷத்தில் 'ஸுப்ரா' என்ற காரின் நாலாவது அவதாரத்தை வெளியிட்டது. அதன் உயர்ந்த ரகத்தில் 3 லிட்டர் எஞ்சின், ஒரே வரிசையில் ஆறு ஸிலிண்டர்கள், இரண்டு டர்போக்கள். அமெரிக்காவில் விற்ற காருக்கு 320 குதிரை சக்தி. எஞ்சினின் உடல் வார்ப்பிரும்பினால் ஆனது. டர்போக்களைக் கழற்றிவிட்டுப் பெரிய டர்போ ஒன்றைப் பூட்டி, அந்த எஞ்சினிடமிருந்து இரண்டு மடங்கு சக்தி வாங்கினார்கள், அதற்கு மேலும் வாங்கினார்கள், அது தாங்கிற்று. 2001-ல் 'தி ஃபாஸ்ட் அண்ட் தி ஃப்யூரியஸ்' என்ற சினிமாப் படத்தில் ஆரஞ்சு நிற ஸுப்ரா ஒன்று தோன்றியது. அவ்வளவுதான், ஸுப்ரா வைத்திருந்த இளைஞர்கள் கையில் எல்லாம் திருப்புளி முளைத்துவிட்டது!

விளைவு என்ன? அமெரிக்காவில் 1998-லும், ஜப்பானில் 2002-லும் அந்தக் காரின் விற்பனை நின்றது. வருஷம் ஆக ஆக, கை படாத ஸுப்ரா கிடைப்பது அரிதாயிற்று. 2019-ம் வருஷம் அமெரிக்காவில் நடந்த ஓர் ஏலத்தில், பதினோராயிரம் மைலுக்குச் சற்று அதிகமாக மட்டுமே ஓடியிருந்த 1994-ம் வருஷத்து ஸுப்ரா 1,73,600 டாலருக்குப் போயிற்று. புதிதாக விற்ற விலையைப்போல் மூன்று மடங்குக்கும் மேல்! அந்தக் காருக்கு யாரும் ஒன்றும் செய்துவிடவில்லை. ஒன்றும் செய்யாமல் இருந்ததற்கே அந்த விலை. ஊரெல்லாம் தங்கள் காரை உயர்த்துவதாக எண்ணிச் செலவு செய்து, சும்மா இருந்தவனுடைய காரின் கிராக்கியை உயர்த்திவிட்டார்கள். சும்மா இருப்பதே சுகம் என்று நம் பெரியோர்கள் சொன்னது மோட்டாருக்கும் பொருந்தும்போலும்!

"அப்படியானால் அந்தச் சினிமாக் கார் என்ன ஆயிற்று? அதில் செய்யாத மாறுதலா?" என்று நேயர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. 2021-ல் அது லாஸ் வேகாஸ் நகரில் ஏலம் போயிற்று. விலை 5,50,000 டாலர். கை படாத காரைவிட அதிகம்! ஆனால் அந்தப் பணம் அதன் சக்கரங்களுக்கோ, பக்கத்தில் தீட்டிய சித்திரத்துக்கோ கிடைத்ததல்ல. இந்தக் கார்தான் அந்தப் படத்தில் ஓடிய கார் என்பதற்குத் தக்க அத்தாட்சி இருந்தது. அந்தக் கதைக்கும் அத்தாட்சிக்கும் கிடைத்த விலை அது. அதே மாதிரி வர்ணம் அடித்து, அதே மாதிரி சித்திரம் தீட்டிய வேறொரு ஸுப்ராவுக்கு அதே விலை கேட்டால் ஏலக்காரர் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டுச் சிரிப்பார்.

இன்னொரு விதமான விலக்கும் உண்டு. அமெரிக்காவில் கரோல் ஷெல்பி என்பவர் 1965-ல் ஃபோர்டு கம்பெனியின் முஸ்டாங் காரை வாங்கி மாற்றியமைத்து, ஜி.டி. 350 என்று பெயர் வைத்து விற்றார். ஜெர்மனியில் ரூஃப் என்ற ஸ்தாபனத்தார் போர்ஷே கார்களை மாற்றியமைத்து வந்தார்கள். 1981-ல் அந்நாட்டுச் சர்க்கார் அவர்களைத் தனிக் கார் உற்பத்தியாளராகவே அங்கீகரித்தது. இவர்கள் கை பட்ட கார்கள் கை படாத கார்களைவிட அதிக விலைக்குப் போகின்றன. காரணம் என்ன? எந்தக் காரில் என்ன மாற்றினார்கள், எப்போது மாற்றினார்கள் என்பதற்கெல்லாம் கணக்கு இருக்கிறது. அந்தப் பெயரைக் கேட்டதும் வாங்குகிறவனுடைய சந்தேகம் நீங்குகிறது. சந்தேகம் நீங்கினால் செய்கூலியும் திரும்பி வருகிறது. முத்திரை போட்ட நகையைப்போல, முத்திரை போட்ட மாறுதல். நம் கோயமுத்தூர்ப் பிள்ளையாண்டானின் காரிலும் நல்ல வேலையே நடந்திருக்கலாம். ஆனால் அதற்கு முத்திரை எங்கே? பாதி வேலைக்குப் பில்கூட இல்லை.

நம் நாட்டில் இதற்கெல்லாம் மேலே சட்டம் என்று ஒன்று இருக்கிறது. பழைய கார் வாங்குகிறவர்கள் வர வர இதைக் கவனிக்கிறார்கள். 1988-ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, உற்பத்தியாளர் குறிப்பிட்ட விவரங்களிலிருந்தும், பதிவுப் புத்தகத்தில் கண்ட விவரங்களிலிருந்தும் வேறுபடும்படி வாகனத்தை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டு இதை வற்புறுத்தித் தீர்ப்புச் சொல்லிற்று. அதே வருஷம் சட்டத்தில் செய்த திருத்தத்தின்படி, அநுமதிக்கப்படாத மாறுதலைச் செய்த சொந்தக்காரருக்கு ஆறு மாதம் வரையில் சிறைவாசமோ, ஒவ்வொரு மாறுதலுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். முன் அநுமதி பெற்றுப் பதிவுப் புத்தகத்தில் ஏற்றிக்கொள்ளக்கூடிய மாறுதல்களும் உண்டு. காரின் நிறத்தை மாற்றுவதும், காஸில் ஓடும்படி செய்வதும் இந்த வகை. மற்றவை வாங்குகிறவன் தலையில் விழக்கூடிய வில்லங்கம். இன்ஷியூரன்ஸ் கம்பெனிக்குச் சொல்லாமல் செய்த மாறுதலோ, விபத்து நடந்த அன்றுதான் தன் சொரூபத்தைக் காட்டும். வில்லங்கமுள்ள நிலத்துக்கு யார் முழு விலை கொடுப்பார்கள்?

இனி கோயமுத்தூருக்குத் திரும்புவோம்.

பிள்ளையாண்டான் தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது அவன் தாயார் வந்தாள். "ஏன் கண்ணு, அந்தப் பழைய சாமானை எல்லாம் திரும்பப் பூட்ட முடியாதா?" என்று கேட்டாள்.

"எந்தப் பழைய சாமான்?"

"நீ கழட்டிப் போட்டயே, அதுதான். பழைய இரும்புக்காரனுக்குப் போடச் சொன்னாய். எனக்கு மனசு வரலை. பரண் மேலே வெச்சிருக்கேன்."

பரணில் ஏறிப் பார்த்தான். நாலு சக்கரங்கள், ஸ்பிரிங்குகள், ஸைலன்ஸர் எல்லாம் பழைய புடவையில் சுற்றிப் பத்திரமாக இருந்தன! பொருளாதார நிபுணர்களுக்குக் கொடுக்கும் பரிசில் ஒரு பகுதியை இந்த அம்மாளுக்கும் கொடுக்கலாம் என்று நமக்குத் தோன்றிற்று.

பட்டறையில் கொடுத்து எல்லாவற்றையும் பழையபடி மாற்றினார்கள். கம்ப்யூட்டரின் தலையெழுத்தும் கம்பெனி எழுதியபடியே ஆயிற்று. கழற்றிய புதுச் சாமான்களை அவன் தனித்தனியாக, அவற்றைத் தேடிக்கொண்டிருந்த வேறு இளைஞர்களுக்கு விற்றான். போட்ட பணத்தில் மூன்றில் ஒரு பங்கு வந்தது. காரோடு சேர்த்து விற்றிருந்தால் அதுவும் வந்திராது. ஜப்பானில் உபயோகித்த மோட்டார் உறுப்புகளை விற்பதற்கென்றே பெரிய கடைகள் இருக்கின்றன, காரணம் இதுதான். ஆசைப்பட்டவனுக்கு அந்த உறுப்பு வேண்டும். மற்றவனுக்கு அது இல்லாத கார் வேண்டும்.

இப்போது கார் பார்வைக்குக் கை படாத கார். ஒரு பள்ளிக்கூட ஆசிரியையும் அவர் கணவரும் வாங்க வந்தார்கள். முதல் நாள் இரவு பிள்ளையாண்டான் நம்மிடம் வந்தான். "எல்லாம்தான் பழையபடி ஆகிவிட்டதே, எஞ்சினைத் திருத்தி ஓட்டினேன் என்று சொல்லியாகவேண்டுமா, மாமா?" என்று கேட்டான்.

கேள்வி சுலபமானதல்ல. சொன்னால் விலை குறையும்; ஒரு வேளை வாங்காமலே போய்விடுவார்கள். தளமோ வெயிலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. வானத்தில் மேகம் கூடிக்கொண்டிருக்கிறது. சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. இந்தச் சந்தையில் எத்தனையோ பேர் சொல்லாமல்தான் விற்கிறார்கள். அவர்கள் எல்லாரும் சொல்லாமல் விட்டதன் பலனைத்தான் பழைய கார் விற்கும் ஒவ்வொருவரும் குறைந்த விலையாக அநுபவிக்கிறோம்.

"வியாபாரி ஒரு லட்சம் குறைத்தபோது உனக்கு ஏன் கோபம் வந்தது?" என்று கேட்டோம்.

"காரைச் சோதித்துப் பார்க்காமலே சந்தேகப்பட்டார்" என்றான்.

"நாளைக்கு வருகிறவர்கள் சந்தேகப்படாமல் வருகிறார்கள். அதற்காக அவர்களைத் தண்டிக்கலாமா?" என்றோம்.

பிள்ளையாண்டான் மறுநாள் எல்லாவற்றையும் சொன்னான். இருந்த பில்களையும் எடுத்துக் காட்டினான். அவர்கள் யோசித்தார்கள். தங்களுக்குத் தெரிந்த மெக்கானிக்கைக் கூட்டிவந்து பார்த்தார்கள். விலையில் 25,000 ரூபாய் குறைத்துக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்கள். அந்த 25,000 ரூபாயைச் சேதாரம் என்று எழுதிக்கொள்ளச் சொன்னோம். நாணயத்துக்கு மட்டும் சேதாரம் ஏற்படவில்லை.

இதனால் இளைஞர்கள் காரில் கை வைக்கவே கூடாது என்பது நம் கட்சியல்ல. தீபாவளிக்குப் பட்டாசு வாங்குகிறோம். அதை மறுநாள் என்ன விலைக்கு விற்கலாம் என்று யாரும் கேட்பதில்லை. ஆசைக்குச் செலவழித்ததை ஆசைக் கணக்கிலேயே எழுதிவிட்டால் மனஸ்தாபம் இல்லை. அதை மூலதனம் என்று எழுதும்போதுதான் வீட்டுத் தளம் பாதியில் நிற்கிறது. ஆகையால் ஆசையுள்ளவர்கள், திரும்பப் பூட்டக்கூடிய மாறுதலையே செய்யட்டும். எதையும் வெட்டவோ, துளைக்கவோ, பற்றவைக்கவோ வேண்டாம். பில்களைப் பத்திரப்படுத்தட்டும். பதிவு அலுவலகத்தையும் இன்ஷியூரன்ஸ் கம்பெனியையும் முன்னதாகவே விசாரிக்கட்டும். வேகந்தான் வேண்டுமென்றால் இருங்காட்டுக்கோட்டையிலும் செட்டிபாளையத்திலும் அதற்கென்று பாதை போட்டு வைத்திருக்கிறார்கள். விற்கும் நாளில் உள்ளதைச் சொல்லட்டும்.

மழைக்கு ஒரு வாரம் முன்னதாகவே தளம் போட்டு முடித்தார்கள். கிருகப்பிரவேசத்துக்கு நாமும் போயிருந்தோம். அந்த அம்மாள் வீட்டை ஒவ்வோர் அறையாகச் சுற்றிக் காட்டினாள். பரண் மட்டும் வழக்கத்தைவிடக் கொஞ்சம் பெரிதாய் இருந்தது. பிள்ளையாண்டான் அடுத்த கார் வாங்கப் பணம் சேர்க்கிறானாம்!